கரி விலக்கப்பட்ட இல்லத்திற்கு ஏற்ற புகைப்பெட்டி

உணவைக் கெடாமல் காப்பதற்கு மனிதன் கண்ட பழைய முறைகளுள் உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் முதல் இரண்டும் பெருவழக்காக உள்ளன. மூன்றாவது முறை அவ்வளவாகப் பரவவில்லை. எனினும் தூத்துக்குடி, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் வாழும் தமிழரின் சமையலில் மாசி என்னும் பொருள் நன்கு அறிமுகமானது. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி, பின்னர் வெயிலில் கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தினால் கிடைப்பதே மாசி. லட்சத்தீவுகளில், சிறப்பாக மினிக்காய்த் தீவில், இத்தொழில் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது.

லட்சத்தீவுகளைப் பெருநிலத்துடன் இணைக்கும் முக்கியத் துறைமுகம் கொச்சி. அத்துறைமுகத்தின் பழைய வணிகப் பகுதி மட்டாஞ்சேரி. சூரை, அயிலை, மத்தி ஆகிய மீன்கள் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் இவ்வூரில், சிறிதளவு மீனை வீட்டிலேயே புகையூட்டிக்கொள்ள விரும்புவோர் உண்டு. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகளிலும் கரி அடுப்பு மூட்டுவதற்கு உரிமையாளர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தடை விதிப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. இத்தகைய வீட்டில் புகையூட்டுதல் இயலுமா, இயலுமாயின் எத்தகைய சாதனம் ஏற்றது என்பவை கள ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் எழுப்பப்படக்கூடிய கேள்விகள். அவற்றிற்கு விடை காண, புகை என்பது யாது, கரி அதில் என்ன பணி செய்கிறது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

தடை ஏன்?

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் ஒருபுறம் உப்பங்கழியும், அதன் கரையோரம் நெடுகப் பழைய பண்டகசாலைகளும் உள்ளன. மிளகு, சுக்கு, ஏலம், தேயிலை, தானியம் ஆகியவற்றின் வாணிகம் இங்கு நூற்றாண்டுகளாக நடந்து வந்துள்ளது. கட்டடங்கள் பல மரத்தாலான உத்தரமும் ஓட்டுக்கூரையும் உடையவை. குறுகிய சந்துகளில் வீடும் கிடங்கும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இத்தகைய இடத்தில் ஒரு தீப்பொறி போதும், பேரிழப்பு நேரிட. தேயிலையோ அருகிலுள்ள எந்த வாசனையையும் விரைவில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பக்கத்து வீட்டுப் புகை ஒரு மூட்டைத் தேயிலையின் மதிப்பைக் குறைத்துவிடக்கூடும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய காரணம் மனித உயிர் பற்றியது. கரி கனலும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு மிகுதியாக வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இவ்வாயு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துகொள்கிறது. ஆகவே காற்றில் சிறிதளவே கலந்திருந்தாலும் உடல் பிராணவாயுவின்றித் தவிக்கிறது. தலைவலி, மயக்கம், உறக்கம், பின்னர் மரணம் என்ற வரிசையில் இது முடியலாம். கரியில் தழல் தணிந்து சாம்பல் பூத்த பின்னரும் இவ்வாயு வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குப் புகை தெரியாமையால் ஆபத்தில்லை என்று எண்ணி அடுப்பை அறைக்குள் எடுத்துச் செல்வோரே பெரும்பாலும் பலியாகின்றனர். கரிக்கு விதிக்கப்படும் தடையை வெறும் கெடுபிடி என்று கருதாமல், உயிர்க்காப்பு விதியென ஏற்பதே முறை.

கரி தருவது வெப்பம், மணம் அன்று

புகையூட்டிய மீனின் நிறமும் மணமும் கரியிலிருந்து வருகின்றன என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பிழை என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காட்டலாம். வெப்பம் தாங்கும் கண்ணாடிச் சோதனைக்குழாய் ஒன்றில் சில மரத்துண்டுகளை இட்டு, நுண்குழாய் பொருத்திய அடைப்பானால் மூடி, காற்றோட்டமான இடத்தில் சூடேற்ற வேண்டும். முதலில் நீராவியும், பின்பு வெண்புகையும் நுண்குழாய் வழியே வெளிவரும். அப்புகையில் ஈரமான நீல லிட்மஸ் தாளைப் பிடித்தால் அது சிவக்கும். புகையில் அசெட்டிக் அமிலம் உண்டு என்பதற்கு அது சான்று. குழாயின் குளிர்ந்த பகுதியில் பழுப்பு நிறத் தார் படியும். புகை நின்ற பின் குழாயில் எஞ்சியிருப்பது கரி. அக்கரியை மறுபடியும் எவ்வளவு சூடேற்றினாலும் முன்போன்ற புகை வராது.

இச்சோதனை உணர்த்தும் உண்மை எளியது. மணப்பொருள்கள் மரத்தை விட்டு நீங்கிய பின் மிஞ்சும் பொருளே கரி. அதனிடம் வெப்பம் உண்டு. புகையின் நலன்கள் அநேகமாக இல்லை. கரியடுப்பில் மீன் புகையூட்டுவோரும் கனலின்மீது மரச்சீவலையோ தேங்காய் மட்டையையோ தூவித்தான் மணத்தைப் பெறுகின்றனர். எனவே கரியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் மின்சாரத்தையோ சமையல் வாயுவையோ வைத்தால் இழப்பு ஏதுமில்லை.

மரத்தின் முக்கியக் கூறுகள் ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்று. வெப்பத்தால் ஹெமிசெல்லுலோஸ் ஏறத்தாழ 200 முதல் 260 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், செல்லுலோஸ் 260 முதல் 310 டிகிரி வரையிலும், லிக்னின் 310 முதல் 500 டிகிரி வரையிலும் சிதைகின்றன. முதல் இரண்டிலிருந்து அமிலங்களும் கார்பனைல் சேர்மங்களும் தோன்றுகின்றன. மீனின் பொன்னிறத்திற்குக் கார்பனைல்களே காரணம். லிக்னினிலிருந்து ஃபீனால்கள் பிறக்கின்றன. புகையின் மணமும், கொழுப்பு காறிப்போகாமல் தடுக்கும் ஆற்றலும் இவற்றைச் சார்ந்தவை.

கரி நீங்கினும் புகை உண்டு

கரியை விலக்கியதால் எல்லாத் தீங்கும் அகன்றது என்று எண்ணுவது தவறு. கனன்று புகையும் மரத்தூளும் கார்பன் மோனாக்ஸைடை வெளிவிடுகிறது, நுண்துகள்களையும் பரப்புகிறது. விறகு முதலிய தாவர எரிபொருள்களின் புகை வீட்டினுள் சேர்வதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதெனக் கருதத்தக்கது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. காற்றிலுள்ள நுண்துகள்கள் ஒரு நாளின் சராசரியில் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமையும், கார்பன் மோனாக்ஸைடு 4 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வகுத்த அளவு. மூடிய அறையில் ஒரு கைப்பிடி மரத்தூள் புகைந்தாலே இவ்வளவுகள் எளிதில் மீறப்படும்.

மற்றொரு தீங்கு மீனிலேயே படிவது. மரம் மிகுந்த வெப்பத்தில் சிதையும்போது பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றுள் பென்ஸோபைரீன் புற்றுநோயை உண்டாக்குவதென உறுதிப்பட்டது. வெப்பநிலை 400 டிகிரியைக் கடந்து உயர உயர இவற்றின் அளவும் ஏறிக்கொண்டே செல்கிறது. மீனின் கொழுப்பு உருகித் தணலின்மேல் சொட்டி எரிந்தாலும் இவை தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய மீனில் பென்ஸோபைரீன் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என முன்பு அனுமதித்திருந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அவ்வரம்பு பொதுவாக 2 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. இச்சேர்மங்களைக் குறைப்பதற்கான நடைமுறை விதிகளைப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளது.

இவற்றிலிருந்து நல்ல புகைப்பெட்டியின் இலக்கணம் கிடைக்கிறது. அதில் மரம் சுடர்விட்டு எரியாமல் கனன்று புகைதல் வேண்டும். புகை பிறக்கும் இடமும் மீன் இருக்கும் இடமும் தனித்தனியே இருத்தல் நலம். உருகும் கொழுப்பு வெப்பத் தகட்டின்மேல் விழாதிருக்க வேண்டும். பெட்டியை விட்டு வெளியேறும் புகை திறந்த வெளிக்குச் செல்லல் வேண்டும்.

ஆராய்ச்சியின் பாதை

தீயையும் மீனையும் பிரித்தல் என்னும் கருத்தே இத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றங்களின் அடிப்படை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்த டோரி ஆராய்ச்சி நிலையம் 1930களின் இறுதியில் ஒரு இயந்திரப் புகைச்சூளையை உருவாக்கிற்று. தனி அடுப்பில் பிறந்த புகை, விசிறியின் உதவியால் மீன் அடுக்கிய அறையினூடே சீராகச் செலுத்தப்பட்டது. வானிலை எவ்வாறிருப்பினும் ஒரே தரமுள்ள மீனைப் பெற இது வழிசெய்தது. கானா நாட்டில் அக்ரா நகரை அடுத்த சோர்க்கோர் என்னும் மீனவர் ஊரில் 1969-70இல் புகுத்தப்பட்ட அடுப்பு, விறகுச் செலவையும் பெண்களின் உழைப்பையும் குறைத்தது. உலக உணவு, வேளாண்மை அமைப்பு செனகல் நாட்டின் தியாரோய் பயிற்சி நிலையத்துடன் சேர்ந்து 2008ஆம் ஆண்டளவில் வகுத்த சூளையில், கொழுப்பைப் பிடிக்கும் தட்டும் தனிப் புகையாக்கியும் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில் இப்பணிக்குரிய நிலையம் மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையிலேயே உள்ளது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கப்பெற்று, 1967ஆம் ஆண்டில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆளுகைக்கு மாற்றப்பட்டது. வில்லிங்டன் தீவில் அமைந்துள்ள இந்நிறுவனம் ‘கோஃபிஸ்கி’ என்னும் சமூகப் புகைச்சூளையை வடிவமைத்துள்ளது. அது குழுவாகத் தொழில் செய்வோருக்கு ஏற்றது, வீட்டுக்கு உரியதன்று. ஆயினும் அதன் பின்னுள்ள நெறிகள் சிறு பெட்டிக்கும் பொருந்தும்.

சாதனங்களின் வகைகள்

கரியின்றி இயங்கும் வீட்டுச் சாதனங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, அடுப்பின்மேல் வைக்கும் புகைச்சட்டி. கனத்த இரும்பு அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்தின் அடியில் ஒரு மேசைக்கரண்டி மரத்தூள் இட்டு, அதன்மேல் கொழுப்பைத் தாங்கும் தட்டும், அதன்மேல் கம்பித்தட்டும் வைத்து, இறுகிய மூடியிட வேண்டும். மெல்லிய மீன் துண்டுகள் அரை மணிக்குள் வெந்து மணம் பெறும். விலை மிகக் குறைவு. ஆனால் ஒரே வெப்பம் மீனை வேகவைக்கவும் மரத்தைப் புகைக்கவும் பயன்படுவதால் இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்த இயலாது. இதில் கிடைப்பது அன்றன்றே உண்ணத்தக்க உணவு.

இரண்டாவது, சமையல் வாயுவால் இயங்கும் பெட்டி. வெப்பம் விரைவில் ஏறும், மின்தடையால் நின்றுபோகாது. எனினும் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒரு கிலோகிராம் வாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகிறது. அது பெட்டிக்குள்ளேயே சேர்வதால் மீனின் மேற்பரப்பு உலர்வது தாமதிக்கும். மேலும் இவ்வாயு காற்றைவிட 1.5 முதல் 2 மடங்கு கனமானது. பெட்டிக்குள் சுடர் அணைந்துபோனால் வாயு கீழே தேங்கி நிற்கும். ஆகவே சுடர் அணைந்ததும் வாயுவைத் தானே அடைக்கும் அமைப்பு இல்லாத பெட்டியை வாங்கலாகாது. நான்குபுறமும் சுவர் எழுப்பிய முற்றத்திலும் தாழ்வான இடத்திலும் இதனைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது, மின்சாரப் பெட்டி. அடியிலுள்ள மின்சுருள் பெட்டியைச் சூடாக்குகிறது. அச்சுருளின்மேல் வைத்த சிறு தட்டிலுள்ள மரச்சீவல் புகைகிறது. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டால் பெட்டியின் வெப்பநிலை நிலையாக இருக்கும். சுடர் இல்லாமையால் தீ விபத்து குறைவு. ஆனால் வேண்டிய வெப்பநிலை வந்ததும் சுருள் அணைந்துவிடுவதால் புகையும் நின்றுவிடுகிறது. மீன் வெந்தும் மணம் குன்றியிருக்கும்.

நான்காவது, தனிப் புகையாக்கி இணைத்த மின்சாரப் பெட்டி. மீனைச் சூடாக்க ஒரு சுருள். மரத்தூளைப் புகைக்க வேறொரு சிறு தகடு. இரண்டும் வெவ்வேறாக இயங்கும். வெப்பம் வேண்டியபோது வெப்பத்தையும், புகை வேண்டியபோது புகையையும் தரலாம். டோரி சூளையின் நெறி இங்கு சிற்றுருவில் அமைந்துள்ளது. விலை சற்று மிகுதியாயினும், கரி விலக்கப்பட்ட வீட்டுக்கு இந்நான்கனுள் இதுவே சிறந்தது.

இவையன்றி, புகையைக் குளிர்வித்துத் திரவமாக்கிய புகைச்சாறும் கடைகளில் கிடைக்கிறது. அடுப்போ புகையோ வேண்டாத எளிமை அதற்குண்டு. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டில் இத்தகைய 8 புகைமணப் பொருள்களை ஆராய்ந்து, உயிரணுக்களின் மரபுப்பொருளுக்கு அவை தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயம் நீங்கவில்லை என அறிவித்தது. அதனைத் தொடர்ந்து அவற்றின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2024இல் முடிவு செய்யப்பட்டது. எனவே இதனைக் குற்றமற்ற மாற்று என்று பரிந்துரைக்க இயலாது.

மட்டாஞ்சேரியின் காற்றும் வெப்பமும்

குளிர்நாடுகளில் வழங்கும் முறைகளை அப்படியே இங்கு கொணர்வது ஆபத்து. அங்கு குளிர்ப்புகை என்றொரு முறை உண்டு. 30 டிகிரிக்கு மிகாத புகையில் மீனைப் பல மணி நேரம் வைத்து, வேகவிடாமல் மணமூட்டுவது அது. கொச்சியில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பமே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இவ்வெப்பத்தில் வேகாத மீனைப் பல மணி நேரம் தொங்கவிடுதல் பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே விளம்பரத்தில் எவ்வளவு சிறப்பாகக் கூறப்பட்டிருப்பினும், குளிர்ப்புகைக்கு மட்டுமே உதவும் கருவிகளை இங்குள்ள வீடுகளுக்கு வாங்குதல் தகாது. மீனை முழுதும் வேகச்செய்யும் வெப்பப் புகையூட்டலே ஏற்றது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று பெரும்பாலும் நீராவியால் நிறைந்திருக்கும். ஈரமான மீனின்மேல் புகை சீராகப் படியாது. தார் திட்டுத்திட்டாக ஒட்டிக் கசக்கும். புகையூட்டுமுன் மேற்பரப்பு உலர்ந்து மெல்லிய பளபளப்பான படலம் தோன்ற வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு வெளிக்காற்றை நம்புவதில் பயனில்லை. ஆனால் 28 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றைப் பெட்டிக்குள் 45 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 35 சதவீதமாகக் குறைகிறது. காற்றிலுள்ள நீர் குறையவில்லை; அது தாங்கும் ஆற்றலே பெருகுகிறது. எனவே புகையாக்கியை இயக்குமுன், காற்றுத்துளைகளைத் திறந்து வைத்து மின்சுருளை மட்டும் இயக்கி மீனை உலர்த்தலாம். வெப்பத்தையும் புகையையும் தனித்தனியே இயக்கும் பெட்டியின் மேன்மை இங்கு தெளிவாகிறது.

உப்புக்காற்றும் புகையின் அமிலமும் உலோகத்தை அரிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டாலான பெட்டி விரைவில் கெடும். துருப்பிடிக்காத எஃகே நீடிக்கும். மின்சாதனமாயின் 16 ஆம்பியர் இணைப்பும், சரியான நில இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் கட்டாயம் வேண்டும். மழையில் நனையும் இடத்தில் பெட்டியை இயக்கலாகாது.

தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

சாதனம் வாங்குமாறு ஆலோசனை கூறுமுன் கள ஊழியர் சில கேள்விகளை வீட்டாரிடம் கேட்டல் வேண்டும். தடை கரிக்கு மட்டுமா, புகைக்கும் சேர்த்தா? பெட்டியை வைக்கத் திறந்த மொட்டைமாடியோ கொல்லையோ உண்டா? அண்டை வீட்டுச் சன்னல் எவ்வளவு தொலைவில் உள்ளது? அவ்வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ கைக்குழந்தையோ முதியவரோ உளரா? ஒரு தடவைக்கு எவ்வளவு மீன் வேண்டும்? குளிர்சாதனப் பெட்டி உண்டா?

திறந்த வெளியும், அண்டையாரின் இசைவும், குளிர்சாதனப் பெட்டியும் இருப்பின், இரண்டு மூன்று கிலோகிராம் மீன் கொள்ளும் நான்காம் வகைப் பெட்டியைப் பரிந்துரைக்கலாம். திறந்த வெளி இல்லாமல், புகைபோக்கி விசிறியுள்ள சமையலறை மட்டும் இருந்தால், சன்னல்களைத் திறந்து வைத்துச் சிறிய புகைச்சட்டியை எப்போதேனும் பயன்படுத்தலாம். அதற்கு மேற்படுதல் கூடாது. காற்றோட்டமே இல்லாத வீடாயின், எச்சாதனமும் வாங்காதிருப்பதே சரியான தேர்வு. மாசியை அங்காடியில் வாங்கிக்கொள்ளலாம்; அல்லது சில குடும்பங்கள் கூடி, குடியிருப்புக்கு வெளியே ஒரு பொதுச் சூளை அமைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்வதும் ஆலோசகரின் கடமையே.

மரத்தூளைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். மா, பலா முதலிய கடினமரங்களின் உலர்ந்த சீவலும், நன்கு காய்ந்த தேங்காய் மட்டையும் ஏற்றவை. கேரளத்தில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தூளை விலக்க வேண்டும்; பூச்சி அரிக்காதிருக்க அம்மரப் பலகைகளுக்குப் போரான் சேர்மங்கள் ஏற்றப்படுவது வழக்கம். ஒட்டுப்பலகை, வண்ணம் பூசிய மரம், பிசின் மிகுந்த பைன் மரப்பெட்டிகள் ஆகியவற்றின் தூளும் கூடாது.

மீனைப் பக்குவம் செய்தல்

எவ்வளவு நல்ல பெட்டியும் கெட்ட மீனை நல்லதாக்காது. சூரை, அயிலை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நச்சாக மாற்றுகின்றன. அது தோன்றிய பின் வேகவைத்தாலும் புகையூட்டினாலும் அழியாது. உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, படபடப்பு ஆகியவை ஏற்படும். கிலோவுக்கு 200 மில்லிகிராமை இது மீறலாகாது என்பது கோடெக்ஸ் வகுத்த வரம்பு. பிடித்த நேரம் முதல் ஐஸில் வைக்கப்பட்ட மீனை மட்டுமே வாங்குதல் இதற்கு ஒரே காப்பு.

மீனைக் குடல் நீக்கிக் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 100 முதல் 150 கிராம் உப்புக் கலந்த கரைசலில், கனத்துக்கேற்ப அரை மணி முதல் ஒரு மணி வரை ஊறவைக்க வேண்டும். பின்பு மேலோட்டமாகக் கழுவி, பெட்டியில் உலர்த்திப் புகையூட்டி, இறுதியில் வெப்பத்தை உயர்த்த வேண்டும். மீனின் நடுப்பகுதி குறைந்தது 63 டிகிரியை அடைந்து, அரை மணி நேரம் அந்நிலையில் இருத்தல் வேண்டும். பெட்டியின் கதவிலுள்ள வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலை. ஆகவே சதையில் செருகும் வெப்பமானி ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளல் அவசியம். உண்ணும்போது தோலை நீக்கிவிட்டால் அதில் படிந்த தீய சேர்மங்களில் பெரும்பங்கு விலகும்.

புகையூட்டிய மீன் கருவாட்டைப்போல் நெடுநாள் கெடாதிருக்கும் என்ற நம்பிக்கை மிகவும் அபாயகரமானது. மாசி கெடாதிருப்பதற்குக் காரணம் அதன் வறட்சி. வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் மீனோ ஈரம் மிகுந்தது. காற்றுப்புகாத உறையில் அடைத்தால், கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா அதில் வளரக்கூடும். அதன் ஒரு வகை 3.3 டிகிரி அளவிலான குளிரிலும் பெருகவல்லது. அவ்வாறு அடைக்கப்படும் மீனின் நீர்ப்பகுதியில் உப்பு குறைந்தது 3.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. அதனை வீட்டில் அளந்தறிய வழியில்லை. எனவே மீனை ஆறவிட்டு, தளர்வாக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் உண்டு முடிப்பதே பாதுகாப்பானது.

பரப்ப வேண்டிய செய்தி

கரி இல்லையே என்று வருந்தும் வீட்டாருக்கு ஆசிரியர் கூறக்கூடியது இதுவே: கரி வெப்பம் தரும் கருவி மட்டுமே, அதன் பணியை மின்சாரம் செம்மையாகச் செய்கிறது. கரி இல்லாமையால் ஆபத்தும் இல்லை என்று மகிழ்வோருக்குக் கூற வேண்டியதோ வேறு: மரம் எங்குப் புகைந்தாலும் அது வெளியேற வழி வேண்டும். சோதனைக்குழாயில் மரத்துண்டைச் சூடாக்கிக் காட்டும் எளிய பாடம் முதற்செய்தியை மாணவர் வாயிலாக வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும். இரண்டாவதைக் கள ஊழியர் நேரில் சென்று, வீட்டின் சன்னலையும் மாடியையும் கண்டு உணர்த்துதல் வேண்டும். பெட்டியின் விலையை விசாரிக்குமுன் புகை செல்லும் வழியை விசாரிக்கும் பழக்கம் ஏற்படுமாயின், சுவையான உணவும் குடும்பத்தின் நலமும் ஒருங்கே காக்கப்படும்.